யாழ்ப்பாணத்திலிருந்து கோல்ப் வீரர்களின் கையொப்பங்களைச் சேகரித்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் தொழில்முறைப் போட்டிகள் நடக்கக்கூடிய கோல்ப் மைதானம் எதுவும் இல்லை. இருந்தும், ஏப்ரல் மாதத்தில் நடுச்சாமம் தாண்டியும் விழித்திருந்து அமெரிக்காவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ப் போட்டியின் கடைசிச் சுற்றைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2025 இல் ரோரி மக்கில்ரோய், ஜஸ்டின் ரோஸைச் சமநிலை முறிப்பில் வென்று, மாஸ்டர்ஸ் உள்ளிட்ட கோல்பின் நான்கு பெரும் போட்டிகளிலும் வாகை சூடிய ஆறாவது வீரரானதைப் பார்த்தவர்களுள் சிலருக்கேனும் அந்த விளையாட்டின் ஒரு துண்டாவது தம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை பிறந்திருக்கும். கையொப்பமிட்ட கொடி, பந்து, படம், புள்ளி அட்டை (ஒவ்வொரு குழிக்கும் எடுத்த அடிகளைக் குறிக்கும் அட்டை) என அந்த ஆசை எந்த வடிவத்தில் வந்தாலும், அதை முறையாகவும் ஏமாறாமலும் நிறைவேற்றிக்கொள்ளும் வழியை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விடயத்தில் தெளிவு வேண்டும். கையொப்பமிட்ட பொருளொன்றின் பெறுமதி, அதை இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் இட்டார், இன்னார் நேரில் நின்று பெற்றார் என்று நிறுவக்கூடிய நிலையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வசதி உண்டு. பெரிய போட்டிகள் நடக்கும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சுவிஸ், மெல்போர்ன் ஆகிய இடங்களிலெல்லாம் நம் சித்தப்பாவோ, மச்சானோ, பெறாமகளோ வசிக்கிறார்கள். முகம் தெரியாத விற்பனையாளரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பதைவிட, சொந்தக்காரர் ஒருவர் மைதானத்தில் பார்வையாளருக்கான கயிற்றருகே நின்று வாங்கி அனுப்பிய சிறிய புள்ளி அட்டை எத்தனையோ மடங்கு உறுதியான சேகரிப்பு என்பது என் உறுதியான கருத்து.

எதைச் சேர்ப்பது

எல்லா வீரர்களினதும் எல்லாப் பொருள்களையும் சேர்க்கப் புறப்பட்டால் பணமும் ஆர்வமும் ஒருங்கே வற்றிவிடும். ஒரு போட்டி, ஒரு நாடு, ஒரு தலைமுறை என ஓர் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். தெற்காசிய வீரர்கள் மட்டும் என்பது நல்ல எல்லை. 2012 இல் ஸ்கொட்டிஷ் ஓப்பனை வென்ற ஜீவ் மில்கா சிங், அமெரிக்கச் சுற்றில் (தொடராக நடக்கும் தொழில்முறைப் போட்டிகளில்) நெடுங்காலம் ஆடிய அனிர்பன் லாஹிரி, டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டு நான்காம் இடம் பெற்ற அதிதி அசோக் என்று அந்தப் பட்டியல் சிறியதாயினும் சுவையானது. கனடிய ஓப்பன் போட்டியை வென்றவர்கள் என்றும் எல்லை வகுக்கலாம். 1954 இற்குப் பிறகு அப்போட்டியைத் தன் மண்ணில் வென்ற முதலாவது கனடியரான நிக் ரெய்லர், 2023 இல் 72 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டியதை ரொறன்ரோவில் உள்ள நம் உறவினர் பலர் நேரிலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருப்பர். அவர் கையொப்பமிட்ட கொடி அந்தக் குடும்பங்களுக்கு வெறும் விளையாட்டுப் பொருளாக இராது.

பொருள்களுள் கொடியே சேகரிப்பாளர்களின் முதல் தெரிவு. குழியில் நடப்படும் கொடியின் வடிவில் தயாரித்து, போட்டியின் பெயரும் ஆண்டும் பொறித்து, மைதானத்துக் கடையில் விற்பார்கள். துணி தட்டையானது, மையை நன்றாகப் பிடிக்கும், சட்டமிட்டால் சுவருக்கு அழகு. மாஸ்டர்ஸ் போட்டியின் மஞ்சள் கொடியில் அப்போட்டியை வென்றவர்களின் கையொப்பங்களை மட்டுமே வாங்குவது நல்ல பழக்கம். வேறு வீரர்களின் பெயர்கள் கலந்துவிட்டால் அக்கொடியை அறிந்தவர்கள் அதை விரும்பமாட்டார்கள். வெற்றி பெறாத வீரர்களுக்கு அவர்களின் படத்தையோ அவர்கள் ஆடிய போட்டியின் புள்ளி அட்டையையோ நீட்டுங்கள்.

புள்ளி அட்டையும் எட்டுக்குப் பத்து அங்குலப் படமும் தொடக்கக்காரருக்கு மிகவும் ஏற்றவை. விலை குறைவு, தபாலில் அனுப்ப இலகு, கையொப்பமும் தெளிவாக விழும். தொப்பியில் துணி நெளிவதால் எழுத்து உடைகிறது. கையுறைத் தோல் மையை உறிஞ்சிப் பரவவிடுகிறது. வீரர் அணிந்து கழற்றித் தந்த கையுறை கிடைத்தால் மாத்திரம் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் முதலில் ஆசைப்படுவது அதற்கே. கோல்ப் பந்தின் மேற்பரப்பில் பொதுவாக முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு குழிவுகள் இருக்கும். பேனை முனை ஒரு குழிவின் விளிம்பில் ஏறி அடுத்ததில் இறங்கும்போது சில இடங்களில் மை தேங்கி நிற்கும், சில இடங்களைத் தொடாமலே தாண்டிவிடும். வழுவழுப்பான மேற்பூச்சு மையை உடனே உள்வாங்குவதும் இல்லை. ஆகவே மிக நுண்ணிய முனையுடைய மார்க்கரைக் கொடுத்து, நிறுவனத்தின் பெயர் அச்சிடப்படாத வெற்றுப் பக்கம் வீரரை நோக்கியிருக்குமாறு பந்தை நீட்ட வேண்டும். கையொப்பம் விழுந்த பின் மேலும் கீழும் இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, தண்ணீர்ப் போத்தலின் மூடியொன்றின் மேல் சில நிமிடங்கள் வைத்துவிடுவது நல்லது. காற்சட்டைப் பைக்குள் போட்ட பந்தில் வீட்டுக்கு வரும்போது ஒரு கறுப்புத் தடம் மட்டுமே மிஞ்சியிருக்கும். இவ்வளவும் செய்தாலும் பல வீரர்கள் பந்தில் கையொப்பமிட விரும்புவதில்லை. டைகர் வுட்ஸ் பந்துகளில் கையொப்பமிட மறுப்பவர் என்பது சேகரிப்பாளர் அனைவரும் அறிந்த செய்தி.

பேனை

ஷார்பி போன்ற நிரந்தர மை மார்க்கரே பெரும்பாலான பொருள்களுக்கு ஏற்றது. படத்துக்கும் மஞ்சள் அல்லது வெள்ளைக் கொடிக்கும் நீலம் எடுப்பாகத் தெரியும். அச்சிட்ட கறுப்பு எழுத்தோடு அது குழம்புவதும் இல்லை. இருண்ட பின்னணியுள்ள படத்துக்கு வெள்ளி நிற வண்ணப் பேனை வேண்டும்; அதை முன்கூட்டியே குலுக்கி, கழிவுத் தாளில் எழுதிப் பார்த்து, மை ஓடுவதை உறுதிப்படுத்திய பின்னரே வீரரிடம் நீட்ட வேண்டும். சிவப்பு மை விரைவில் மங்கும், தவிர்த்துவிடுங்கள். குமிழ்முனைப் பேனை புள்ளி அட்டைக்குப் போதும். பளபளப்பான படத்தில் அது வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். கொடிக்குப் பின்னால் வைத்துப் பிடிக்கத் தடித்த மட்டையொன்றும் கூடவே இருக்கட்டும்.

அருகிலிருந்து தொடங்குதல்

உலகப் புகழ் பெற்றவர்களை நாடுமுன் இலங்கையின் தொழில்முறை வீரர்களிடமிருந்து தொடங்கும்படி வற்புறுத்திச் சொல்வேன். மிதுன் பெரேரா, அனுர ரோஹன, என். தங்கராஜா, கே. பிரபாகரன் ஆகியோர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிப் பெயர் பெற்றவர்கள். ஆனால் கிரிக்கெட் வீரர்களின் பிறந்த நாளைக்கூட அறிந்து வைத்திருக்கும் நம் இளைஞர்களுள் எத்தனை பேர் இவர்களின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்? இவர்களைச் சுற்றிக் கூட்டமோ பாதுகாவலரோ இருப்பதில்லை. கையொப்பம் கேட்கும் ஒருவருடன் நின்று நிதானமாகப் பேச இவர்களுக்கு நேரம் இருக்கும், அந்த உரையாடலே உங்கள் சேகரிப்பின் முதற் பக்கமாகிவிடும்.

கொழும்பு பொரளையில் உள்ள றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879 இல் தொடங்கப்பட்டது. களனிவெளி ரயில் பாதை அதன் மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. இந்தியத் தொழில்முறைச் சுற்றின் போட்டிகள் கொழும்பிலும் நடந்திருக்கின்றன. கண்டிக்கு அருகே திகணயில் உள்ள விக்டோரியா மைதானமும், நுவரெலியாவின் பழைய மைதானமும் அறியப்பட்டவை. சுற்றின் உத்தியோகபூர்வ நாட்காட்டியைப் பார்த்து, போட்டி இருக்கும் வாரத்தில் பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். கழகங்கள் உறுப்பினர்களுக்கானவை என்பதால், பார்வையாளராக வர விரும்புவதைத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ முன்னரே தெரிவித்து அனுமதி பெறுவது அவசியம். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவர்கள் நந்தனத்தில் உள்ள கொஸ்மோ மைதானத்தின் போட்டி நாள்களையும் விசாரித்து வைக்கலாம்.

உறவினர் வழியாகப் பெறுதல்

இதுவே யாழ்ப்பாணத்துச் சேகரிப்பாளரின் பிரதான வழி. ஆகவே உறவினருக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். கனடிய ஓப்பன் அண்மையில் ரொறன்ரோவுக்கு வடமேற்கே கலிடன் பகுதியில் நடந்தது. பிராம்ப்டனில் இருப்பவர்களுக்கு அது அதிக தூரமில்லை. லண்டனில் இருப்பவர்களுக்கு சரே மாவட்டத்தின் வென்ற்வேர்த் மைதானத்தில் செப்டெம்பர் மாதம் நடக்கும் பி.எம்.டபிள்யூ. பி.ஜி.ஏ. போட்டி உண்டு. சுவிஸில் இருப்பவர்கள் கோடை முடிவில் கிரான்ஸ் மொன்ரானா மலையூரில் நடக்கும் ஒமேகா ஐரோப்பிய மாஸ்டர்ஸுக்குப் போகலாம். 2011 இல் மறைந்த ஸ்பானிய வீரர் செவெ பலெஸ்றெரோஸின் பெயரையே அந்த மைதானம் தாங்கி நிற்கிறது. பிரான்ஸில் ஜெனீவா ஏரிக் கரையில் நடக்கும் எவியன் போட்டி பெண்களின் பெரும் போட்டிகளுள் ஒன்று. பெண் வீராங்கனைகள் இரசிகர்களுக்கு அதிக நேரம் ஒதுக்குவார்கள் என்பது சேகரிப்பாளரிடையே பரவலாக உள்ள அபிப்பிராயம். நானும் அதை ஏற்கிறேன்.

போட்டி வியாழனில் தொடங்கி ஞாயிறில் முடியும். கையொப்பம் கேட்க உகந்தவை அதற்கு முந்திய செவ்வாயும் புதனும், அதாவது பயிற்சிச் சுற்றுகளும், அமெச்சூர் ஆட்டக்காரர்களுடன் சேர்ந்து ஆடும் சுற்றும் நடக்கும் நாள்கள். நுழைவுச் சீட்டும் அந்நாள்களில் பெரும்பாலும் மலிவு. போட்டி நாள்களில் வீரர் ஆடிக்கொண்டிருக்கும்போது கேட்கவே கூடாது. பதினெட்டாவது குழி முடித்து, புள்ளி அட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும் இடத்தில் காத்திருக்க வேண்டும். அன்றைய ஆட்டம் சரியாக அமையாத வீரர் தலை குனிந்து நடந்தால் அவரை விட்டுவிடும்படி உறவினரிடம் சொல்லுங்கள். சில போட்டிகளில் சிறுவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்குவார்கள், அங்கே பெரியவர்கள் முட்டிமோதுவது அழகன்று.

வீரர்கள் பலர் கையொப்பமிடத் தயங்குவதற்கு வியாபாரிகளே காரணம். ஒரே ஆள் நான்கைந்து கொடிகளை நீட்டினால், அல்லது சிறுவரை அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றால், வீரர் உடனே கண்டுகொள்வார். ஆகவே ஒருவருக்கு ஒரு பொருள் என்று நில்லுங்கள். கூடவே, உங்கள் பெயரையும் எழுதித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். பெயர் எழுதிய பொருளை விற்றால் விலை குறையும் என்பது உண்மைதான், ஆனால் விற்பதற்காகக் கேட்கவில்லை என்பதை வீரருக்கு உணர்த்த இதைவிட நேரான வழி இல்லை. நம் பெயர்கள் நீளமானவை. கூப்பிடும் சுருக்கப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சிறு துண்டில் எழுதி, பொருளோடு சேர்த்துக் காட்டினால் எழுத்துப் பிழை வராது.

தபால் வழி

கடிதம் எழுதிக் கையொப்பம் கேட்பது பழைய வழியாயினும் இன்றும் பயனளிக்கிறது. வீரரின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் இரசிகர் கடிதங்களுக்கான முகவரி இருந்தால் அதற்கே எழுதுங்கள். இல்லையெனில் அவரை நிர்வகிக்கும் முகாமை நிறுவனத்துக்கோ, அவர் ஆடவுள்ள போட்டியை நடத்தும் கழகத்துக்கோ அவர் பெயரிட்டு, போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே அனுப்பலாம். வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து எழுதுவது முறையன்று.

கடிதம் கையால் எழுதியதாக, ஒரு பக்கத்துக்குள் அடங்கியதாக இருக்க வேண்டும். அந்த வீரரின் குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் உண்மையாகவே கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள்; யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதையும் குறிப்பிடுங்கள், அத்தகைய கடிதம் அவருக்கு அடிக்கடி வருவதில்லை. ஒரேயொரு படத்தை வைத்து, அது மடியாதபடி இருபுறமும் மட்டை கொடுத்து, திரும்பி வருவதற்கான முகவரியெழுதிய உறையையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த உறையில் இலங்கை முத்திரை ஒட்டிப் பயனில்லை. வீரர் எந்த நாட்டிலிருந்து அனுப்புவாரோ அந்நாட்டு முத்திரை வேண்டும். ஆகவே முழுப் பொதியையும் அந்நாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்பி, அவர் உள்நாட்டு முத்திரை ஒட்டித் தபாலிடவும், பதில் அவருடைய முகவரிக்கே வரவும் ஏற்பாடு செய்வது செலவையும் தொலைவையும் குறைக்கும். பதில் சில வாரங்களில் வரலாம், ஓராண்டு கடந்தும் வரலாம், வராமலும் போகலாம். மீண்டும் கிடைக்காத பொருளை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள்.

தபாலில் வருவதெல்லாம் கையால் இட்டதென்று எண்ணிவிடவும் கூடாது. அச்சிட்ட கையொப்பம் கொண்ட படத்தைச் சில வீரர்களின் அலுவலகங்கள் அனுப்பும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: கையால் இட்ட மை படத்தின் பளபளப்புக்கு மேலே தனியாகப் படிந்து நிற்கும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் நிறம் சற்று அடர்ந்திருக்கும், அச்சிட்டதோ படத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே நுண்புள்ளிகளாகப் பிரியும். இயந்திரப் பேனையால் இட்டதெனில் கோடு முழுவதும் ஒரே அழுத்தத்தில் ஓடும், தொடக்கத்திலும் முடிவிலும் சிறு புள்ளி தேங்கும், அதே வீரரின் இன்னொரு பிரதியோடு வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தும். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லை.

பதிவுக் கொப்பி

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீரர், போட்டி, இடம், திகதி, பெற்றவர், பயன்படுத்திய பேனை ஆகியவற்றை எழுதி, நுழைவுச் சீட்டையும் தபால் உறையையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். வீரர் கையொப்பமிடும் கணத்தை உறவினர் கைத்தொலைபேசியில் படம்பிடித்திருந்தால் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அன்றிரவே வாட்ஸ்அப்பில் குரற்பதிவாக விபரத்தைச் சொல்லும்படி கேளுங்கள்; மாதங்கள் கழித்துப் பொதி வந்து சேரும்போது எந்த அட்டை எந்த நாளுக்குரியது என்பதை அவரும் மறந்திருப்பார்.

விலைக்கு வாங்குதல்

இணையத்தில் விற்கப்படும் கையொப்பங்களைப் புதியவர்கள் முதல் ஆண்டில் வாங்காதிருப்பதே நல்லது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ. நடத்திய ஒப்பரேஷன் புல்பென் என்னும் விசாரணை, விளையாட்டு வீரர்களின் போலிக் கையொப்பங்களைப் பெருந்தொகையாகத் தயாரித்த வலையமைப்பொன்றைக் கலிபோர்னியாவில் வெளிப்படுத்தியது. அந்தக் கும்பல் நம்பகச் சான்றிதழ்களையும் போலியாகவே தயாரித்து இணைத்தது. ஆகவே சான்றிதழ் கூடவே வருகிறது என்பது தனியே எதையும் நிரூபிப்பதில்லை. அதை வழங்கியவர் யார் என்பதே கேள்வி.

வீரரைப் பற்றிய அறிவே சிறந்த காவல். டைகர் வுட்ஸ் 2001 முதல் அப்பர் டெக் என்னும் சேகரிப்புப் பொருள் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்து கையொப்பமிட்டு வந்தவர். அந்நிறுவனத்தின் இலக்கமிட்ட ஒட்டுச்சீட்டு இல்லாமல், அதுவும் பந்தொன்றில், குறைந்த விலையில் அவர் பெயர் கிடைக்கிறதென்றால் அதை விட்டு விலகுங்கள். பழம்பெரும் அமெரிக்க வீரர் ஆர்னல்ட் பாமர் ஒவ்வோர் எழுத்தும் வாசிக்கக்கூடியதாகக் கையொப்பமிட்டவர், இளைய வீரர்களையும் அவ்வாறே இடும்படி வலியுறுத்தியவர். 2016 இல் மறையும் வரை எண்ணற்றோருக்கு இட்டுக்கொடுத்தார். அவர் பெயரில் கிறுக்கலாக உள்ள ஒன்றைக் கண்டால் சந்தேகியுங்கள். 1971 இல் மறைந்த பொபி ஜோன்ஸ், 1997 இல் மறைந்த பென் ஹோகன் ஆகிய பழைய வீரர்களின் கையொப்பங்கள் அனுபவசாலிகளுக்கே உரியவை, தொடக்கக்காரர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

போலியைப் பார்வையிலும் ஓரளவு இனங்காணலாம். பல்லாயிரம் முறை இட்டுப் பழகியவரின் கோடு வேகமாக ஓடி, முடிவில் மெலிந்து மறையும். பார்த்து வரைபவரின் கோடு மெதுவாக நகர்வதால் நடுக்கம் தெரியும், பேனையைத் தூக்கி மீண்டும் வைத்த இடங்கள் தெரியும், முடிவு மழுங்கலாக இருக்கும். வீரரின் கையொப்பம் காலத்தோடு மாறுவதையும் நினைவிற்கொண்டு, பொருளின் ஆண்டுக்கு ஒத்த காலத்து மாதிரிகளோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

நம் காலநிலையில் பாதுகாத்தல்

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரியில் வீட்டுச் சுவர்கள் ஈரம் கசியும். சோளகக் காலத்தில் தூசி எல்லா இடுக்கிலும் நுழையும். கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்றும் சேரும். கறையானோ ஆண்டு முழுவதும் உண்டு. ஆகவே வெளிச்சுவரை ஒட்டாமல், நிலத்திலிருந்து உயர்த்தி வைத்த இரும்பு அலுமாரியே சேகரிப்புக்கு உகந்த இடம். படங்களையும் அட்டைகளையும் பி.வி.சி. கலக்காத, அமிலமற்ற தெளிவான உறைகளில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைக் கூட வைத்து, மாரி முடிந்ததும் அவற்றை மாற்றுங்கள்.

நம்மவரிடம் சான்றிதழ் என்றால் உடனே லமினேற் செய்துவிடும் வழக்கம் உண்டு. கையொப்பமிட்ட எதையும் லமினேற் செய்யக் கூடாது: வெப்பமும் பசையும் மையைப் பாதிக்கும், பொருளை மீண்டும் பிரித்தெடுக்க முடியாது, பெறுமதி அத்தோடு போய்விடும். செலோரேப்பும் வேண்டாம். சேலைப் பெட்டியில் போடும் நப்தலின் உருண்டையைப் பந்து வைத்திருக்கும் பிளாஸ்ரிக் பெட்டிக்கு அருகே வைக்காதீர்கள், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். கொடியைச் சட்டமிடும்போது துணி கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி அட்டை வைக்கச் சொல்லுங்கள். கொடியைப் பசையால் ஒட்டாமல், பின்னால் உள்ள மட்டையோடு நூலால் சில இடங்களில் கட்டுவதே முறை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைக்காவிட்டால் வெயில் படாத உள்சுவரைத் தெரிவுசெய்யுங்கள். மார்க்கர் மை நம் வெயிலில் சில ஆண்டுகளிலேயே மங்கிவிடும்.

பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெற் போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்றுக் கையொப்பங்களைப் பரிசோதித்து இலக்கமிட்ட ஒட்டுச்சீட்டு வழங்குகின்றன. அந்த இலக்கத்தை அவற்றின் இணையத்தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். உங்கள் கண்முன்னோ உறவினர் கண்முன்னோ பெற்று, விற்கும் எண்ணமும் இல்லாத பொருளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. ஒருநாள் விற்கவோ பரிமாறவோ நேர்ந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து நேரே தபாலிடாமல், விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினரிடம் கையில் கொடுத்து, அங்கிருந்து காப்புறுதியுடன் அனுப்பச் செய்யுங்கள். கொப்பியின் அந்தப் பக்கத்தையும் கையொப்பமிடும்போது எடுத்த படத்தையும் பிரதியெடுத்துக் கூடவே கொடுத்துவிடுங்கள்.